காலண்டர் தாளின் பின்பக்கம்

கரண்ட் போனால் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் எங்கள் தெருவில் நான்தான். கருமத்தம்பட்டிப் பக்கம் இருந்துகொண்டு இதை வாய்விட்டுச் சொன்னால் அடிக்க வந்துவிடுவார்கள். கரண்ட் போனால் தறி நிற்கும், தறி நின்றால் கூலி நிற்கும். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கம்பத்தைப் பார்த்து வைவார். நானும் பக்கத்தில் நின்று முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டு, "அட ஆமாங்க, இவங்களுக்கு வேற வேலையே இல்லீங்க" என்று ஒத்து ஊதிவிட்டு, உள்ளே போய் வேதப் புத்தகத்தை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கொல்லைப்புறமாக நழுவிவிடுவேன்.

நான் பிறந்து வளர்ந்தது உடுமலைப்பேட்டைப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவில். அங்கே காலை ஜெபத்துக்கு முழங்கால் போட்டால் மட்டை விழுகிற சத்தம்தான் இடைஞ்சல். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்தபோது, படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கமே தறிக்குடோன். விடிந்தது முதல் டடக்கு டடக்கு என்று ஒரே ஓட்டம். ஜெபம் பண்ண உட்கார்ந்தால் ஆமென் சொல்வதற்குள் என்ன கேட்டேன் என்பதே மறந்து போகும். வேதம் வாசித்தால் கண் வரியில் ஓடும், மனசு தறியில் ஓடும். பகல் முழுக்க எனக்குத் தார் போடுகிற வேலை. தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூல் சுற்றுவதைத்தான் அப்படிச் சொல்வோம். கை பாட்டுக்குச் சுற்றும், காது பாட்டுக்கு இரையும், உள்ளே ஒன்றும் இறங்காது. ஆண்டவர் பேசினாலும் கேட்கிற நிலைமையில் நான் இல்லை என்று முதல் வருஷமே முடிவு கட்டிவிட்டேன்.

அதனால்தான் கரண்ட் போனால் அப்படி ஓட்டம். கொல்லைப்புறம் தாண்டினால் ஒரு மேட்டாங்காடு, மானாவாரிக் கரிசல். அதன் ஓரத்தில் ஒரு வெள்வேலமரம். அதன் நிழலில் ஒரு ஆள் உட்காரலாம், இரண்டு பேர் என்றால் சண்டை வரும். அங்கே உட்கார்ந்து வாசிப்பேன். தறி எல்லாம் நின்றுபோன அந்த நேரத்தில் மைனா பேசுவது கேட்கும், காற்று சோளத்தட்டைக்குள் நுழைவது கேட்கும், நான் வாசிப்பது எனக்கே கேட்கும். என் ஆலயம் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன். வெளியே சொன்னதில்லை.

என் வீட்டுக்காரரின் அக்கா இரண்டு தெரு தள்ளி இருந்தார். நங்கை என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அவருக்குப் பிள்ளை இல்லை. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபம் என்றால் நங்கைதான். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் ஜெபம் வாசல் வரை கேட்கும், அப்படி ஒரு தொண்டை. "ஏனுங் நங்கை, ஆண்டவருக்குக் காது நல்லாத்தானுங்க கேக்கும்" என்று கேலி பண்ணுவேன். "அவருக்குக் கேக்கும் கண்ணு, பிசாசுக்குக் கேக்கோணுமல்ல" என்பார்.

நங்கையின் இன்னொரு பழக்கம் ஸ்தோத்திரக் காணிக்கை. எங்கள் சபையில் நன்றி சொல்ல விரும்புகிறவர்கள் காணிக்கையைக் கவரில் போட்டு மேலே காரணத்தை எழுதிக் கொடுப்பார்கள். ஞாயிறு ஆராதனையில் செயலாளர் அதை உரக்க வாசிப்பார், ஆயர் ஜெபிப்பார். போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்காக, மகள் பத்தாவது பாஸானதற்காக. நங்கைக்குக் காரணமே தேவையில்லை. எருமை ஈன்றதற்கு, பஸ்ஸில் தொலைத்த குடை திரும்பக் கிடைத்ததற்கு, பல்வலி நின்றதற்கு. அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது, நான்தான் காரணம் எழுதித் தருவேன். பல்வலிக்கு நான் எழுதின மூன்று வரியைச் செயலாளர் வாசித்தபோது ஆயரே சிரித்துவிட்டார்.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து நான் உண்டானேன். நங்கை என்னைத் தரையில் கால் வைக்க விடவில்லை. வலி எடுத்ததும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம், கூடவே நங்கையும் வந்தார். அது ஒரு சனிக்கிழமை. எல்லாம் நன்றாக இருக்கிறது, காலைக்குள் பிறந்துவிடும் என்றார்கள். அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க நங்கையால் முடியவில்லை. ஆராதனை ஆரம்பிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும், அன்றைக்கே சபையில் வாசிக்கட்டும் என்று அவரே கோணல்மாணலாக "சுகப்பிரசவத்துக்காக" என்று கவரில் எழுதி, ஊருக்குத் திரும்பின தன் வீட்டுக்காரர் கையில் கொடுத்தனுப்பிவிட்டார்.

விடியற்காலையில் குழந்தையின் இருதயத் துடிப்பு நின்றுபோனது. யார் மேலும் தப்பில்லை, டாக்டரம்மா கடைசி வரை போராடினார் என்று கூடவே இருந்த என் அம்மா பிறகு சொன்னாள். எனக்கு மயக்கம் கொடுத்து வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். பெண் குழந்தை. நான் கண் விழிப்பதற்குள் கொண்டுபோய் அடக்கம் பண்ணிவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். பார்த்தால் பெற்றவளுக்கு மனசு தாங்காது என்பது அன்றைய வழக்கம். என் வீட்டுக்காரரும் நங்கையும் டாக்சி பிடித்துக் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

அதே நேரத்தில் சபையில் கவர் வாசிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் நிறுத்துவதற்குப் போன் ஏது? எல்லோரும் கைதட்டினார்களாம். ஆராதனை முடிந்ததும் ஐக்கியத்துப் பெண்கள் வேன் பிடித்துப் புறப்பட்டார்கள். அவர்கள் வந்த வேனும் குழந்தை போன டாக்சியும் அவிநாசி ரோட்டில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். நான் அரை மயக்கத்தில் கண் திறந்தபோது கட்டிலைச் சுற்றி ஒரே சிரித்த முகங்கள். ஒரு அம்மா சின்ன வெள்ளைச் சட்டையை என் காலடியில் விரித்து வைத்து, "எங்கீங்க நம்ம பாப்பா? சபையிலே வாசிச்சாங்களே!" என்றார். மூலையில் நின்ற என் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது.

ஐயோ, அந்தப் பெண்கள் பாவம். அந்தச் சட்டையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் அவர்கள் பட்ட பாடு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு நங்கை என் பக்கம் வரவில்லை. முருங்கைக்கீரை வரும், பூண்டுக் குழம்பு தூக்குப்போசியில் வரும், ஆள் வராது. எனக்கும் வரவேண்டும் என்று இல்லை. பிறவியிலேயே எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆனால் இந்தக் கோபம் சத்தம் போடுகிற கோபம் இல்லை, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது. ஆண்டவருக்கு முந்திக்கொண்டு ஓடச் சொன்னது யார் என்று நினைத்து நினைத்துப் பல்லைக் கடிப்பேன்.

கரண்ட் போனால் இப்போதும் வெள்வேலமரத்துக்குத்தான் போனேன். பழக்கதோஷம். வேதத்தைத் திறக்க முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்ப்பதோடு சரி. ஒருநாள் முந்தானையில் சுருட்டி வைத்திருந்த காலண்டர் தாள் ஒன்று கையில் சிக்கியது. சபையில் தருகிற தினக்காலண்டர், ஒவ்வொரு தாளிலும் ஒரு வசனம். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. தறிக்கணக்குப் பென்சில் ஒன்று என் கொண்டையிலேயே செருகி இருக்கும். எடுத்து எழுத ஆரம்பித்தேன்.

எழுதினது ஜெபம் இல்லை, வசவு. "நீர் எங்கே போயிருந்தீர்? எல்லா வீட்டிலும் பிள்ளை கொடுக்கத் தெரிந்த உமக்கு என் வீட்டு விலாசம் மட்டும் தெரியவில்லையா?" என்று. இதில் ஒரு வேடிக்கை, எத்தனை கோபத்திலும் நீர், உமக்கு என்றுதான் எழுதினேன். கோயமுத்தூர்க்காரிக்கு ஆண்டவரை வையும்போதும் மரியாதை போகாது. அடுத்த நாள் இன்னொரு தாள். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. முன்பக்கம் அவர் பேசுவார், பின்பக்கம் நான் பேசுவேன். எழுதினதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். அன்றைக்குச் சோறு கொஞ்சம் உள்ளே இறங்கும்.

அப்படிக் கொஞ்ச நாள் எழுதின பிறகு ஒன்று தெரிந்தது. இல்லாத ஒருவரை யாரும் இவ்வளவு தூரம் வையமாட்டார்கள். நான் விட்டுவிட்டேன் என்று நினைத்தவரோடுதான் தினமும் பேசிக்கொண்டிருந்தேன். அது தெரிந்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

புரட்டாசி வந்தது. பக்கத்துக் காட்டுக்காரர் ஏர் பூட்டிச் சோளம் விதைத்தார். எனக்கு ஆச்சரியம். மழையே இல்லை, மண் புழுதியாகப் பறக்கிறது. "ஏனுங்க, மழை வராம வெதைக்கறீங்க?" என்று மரத்தடியிலிருந்தே கேட்டேன்.

அவருக்கு ஏற்கனவே எரிச்சல். "மழை வந்தா இந்தக் கரிசல்ல கால வெக்க முடியுமாங்க அம்மணி? முட்டி வரைக்கும் இழுக்கும். புழுதியிலயே போட்டு வெச்சுப்போடோணும். சும்மா குக்கி உக்காந்துட்டுத்தான இருக்கறீங்க, இந்தப் புறாவையாச்சும் முடுக்கி உடுங்க" என்றார்.

நானும் கைதட்டி விரட்டிப் பார்த்தேன். புறா என்னை மதித்தால்தானே! மழை வருகிற மாதிரி மேற்கே கறுத்துக் கறுத்துக் கலைந்து போனது. விதை பாதியை எறும்பு இழுத்துக்கொண்டு போனது, மீதியைப் புறா பார்த்துக்கொண்டது. மனுஷன் மழையை வைதார், புறாவை வைதார், என்னையும் இரண்டு வார்த்தை வைதார். அப்புறம் விதையை எடுத்துக்கொண்டு வந்து மறுபடியும் புழுதியில் போட்டார். மழைக்கு முன்னால் விதைத்தது தப்பு என்று மட்டும் அவர் ஒருதரம்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குத் தாளின் பின்பக்கம் எழுத எனக்கு ஒன்றுமே வரவில்லை. நங்கையின் கோணல்மாணல் எழுத்துதான் கண்ணுக்குள் நின்றது.

அதற்கும் சில நாள் கழித்து என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார், "அக்கா இப்பெல்லாம் ஐக்கியத்துல வாயே தெறக்கறதில்லீயாமா. மாமன் சொன்னாரு. ஊட்லயும் ஜெபம் இல்லையாமா. 'என்ற வாய்தான் புள்ளைய முழுங்கிருச்சு, இனி இந்த வாயத் தெறக்கமாட்டேன்'னு சொல்லுதாமா."

கோபம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒருத்தி தன் வாயையே பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தம்பியை வளர்த்த வாய், ஊருக்கெல்லாம் ஜெபித்த வாய்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு வாரம் விட்டு விட்டு ஊற்றி, எங்கேயோ கம்பி அறுந்து, கரண்ட் அடியோடு போனது. மறுநாளும் வரவில்லை. தறிக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல், எனக்கு ஓட்டம். காடு பூராவும் சோளம் ஊசி ஊசியாக முளைத்திருந்தது. ஈர மண் வாசனை மூக்கில் ஏறியது. மரத்தடியில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து, ஏறக்குறைய நாலு மாதத்துக்குப் பிறகு வேதத்தைத் திறந்தேன். எங்கே என்று பார்த்துத் திறக்கவில்லை. ஆண்டவரின் கல்லறைக்கு வெளியே நின்று அழுகிற ஒரு பெண்ணின் இடம் வந்தது. சின்ன வயசிலிருந்து ஈஸ்டருக்கு ஈஸ்டர் கேட்டதுதான். ஆனால் அன்றைக்குத்தான் அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்கு உறைத்தது. அவள் விளக்கம் கேட்கவில்லை. ஏன் செத்தார், யாரால் செத்தார் என்று கேட்கவில்லை. அந்த உடலை எங்கே வைத்தார்கள் என்றுதான் கேட்கிறாள். தோட்டக்காரர் என்று நினைத்த ஆளிடம் போய், நீர் எடுத்திருந்தால் சொல்லும், நான் போய் எடுத்துக்கொள்கிறேன் என்கிறாள்.

நான் புத்தகத்தை மூடிவிட்டு ஏங்கி ஏங்கி அழுதேன். ஆஸ்பத்திரியில்கூட அப்படி அழவில்லை. நல்லவேளை, புறாவைத் தவிர யாரும் இல்லை.

அழுது முடித்து, பென்சிலை எடுத்து, அன்றைய தாளைத் திருப்பி, "என் பாப்பாவின் முகம் எப்படி இருந்தது?" என்று எழுதினேன். ஆண்டவருக்குத்தான் எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது, இதற்குப் பதில் வானத்திலிருந்து வரவேண்டியதில்லை. என் கட்டிலை விட்டு நகராத அம்மா பார்க்கவில்லை, என் வீட்டுக்காரரும் பார்க்கவில்லை. டாக்சியில் அவர் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார், குழியில் வைக்கும்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது நங்கை. அந்த முகத்தைப் பார்த்த ஒரே சொந்தம் நங்கைதான். அவரோடுதான் நான் பேசாமல் இருக்கிறேன்.

மறுபடியும் பிடித்த தூறலில், அந்தச் சேற்றிலேயே நடந்து போனேன். நங்கை உள் நடையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஆளே பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"வாம்மிணி" என்றார். அப்புறம் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார், "வையறதா இருந்தா வஞ்சுபோடு கண்ணு. அதுக்குத்தான் காத்துட்டு இருக்கறேன்."

"வையறதுக்கு வரலீங் நங்கை."

"நா முந்திப்போட்டேன். அவரு குடுக்கறதுக்குள்ள ஸ்தோத்திரம் சொல்லிப்போட்டேன். அவரு கோவிச்சுக்கிட்டாரு."

எனக்கு வந்ததே கோபம்! ஆனால் அவர் மேல் இல்லை. "ஒரு கவருக்குக் கோவிச்சுக்கிட்டுப் பச்சப்புள்ளைய எடுக்கற சாமியா இருந்தா, அந்தச் சாமியே எனக்கு வேண்டாமுங்க! நாலு மாசமா நா அவரை வையாத வசவில்லை. வேற ஒருத்தரா இருந்தா என்னை எப்பவோ சாம்பலாக்கியிருப்பாரு. அவரு அப்படி இல்லீங்க. அங்க பக்கத்துக் காட்டுல வந்து பாருங்க, அந்தக் கவுண்டர் மழைக்கு முந்தித்தானுங்க வெதச்சாரு. அவரு வெதச்சதாலயா அன்னைக்கு மழை வராம போச்சு?"

நங்கையின் கண்ணீர் முறத்தில் விழுந்தது. என் பேச்சு அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் அதற்கு மேல் வாதாடத் தெம்பு இல்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நங்கை, பாப்பா எப்படிங்க இருந்தா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு யாரும் சொல்லலையா கண்ணு?"

"நா யாருகிட்டயும் கேக்கலைங்க."

முறத்தைத் தள்ளி வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு, யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல மெல்லிய குரலில் ஆரம்பித்தார். அந்தத் தொண்டைக்கு அப்படி ஒரு குரல் உண்டு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"நல்ல பெரிய புள்ள கண்ணு. நெத்தி உங்கம்மாளாட்ட அகலம். மோவாயில உனக்கு இருக்கற குழி அப்படியே இருந்துச்சு. காது மட்டும் உன்ற ஊட்டுக்காரனாட்ட வெடைச்சுட்டு. கைவெரலு நீளநீளமா... இது தறி ஓட்டற கையில்ல, எழுதற கைன்னு நெனச்சேன்." முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தல நெறைய முடி. கருகருன்னு. நம்ம ஊட்டுக்குக் கொண்டாந்து, சுடுதண்ணி வெச்சுக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, தல சீவி உட்டேன். தூங்கறாப்பலயே இருந்தா. சீவும்போது என்னையறியாம ஸ்தோத்திரம்னு வந்துருச்சு கண்ணு. செத்த புள்ளைய மடியில வெச்சுட்டு எவளாச்சும் ஸ்தோத்திரம் சொல்லுவாளா? நாஞ் சொன்னேன். அத்தன அழகா இருந்தா. இத யாருகிட்டயும் சொல்லலை, பைத்தியம்பாங்க."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மொச்சைப் பால் பிசுபிசுத்தது. இரண்டு பேரும் அழுதோம், வெட்கமே இல்லாமல் சத்தம் போட்டு அழுதோம். அழுகைக்கு நடுவே எனக்கு இன்னும் வேண்டியிருந்தது.

"உச்சி எடுத்தீங்களா நங்கை?"

"எடுத்தேன் கண்ணு."

"எந்தப் பக்கமுங்க?"

நங்கை என் தலையைத் தன் பக்கம் இழுத்து, நனைந்து கிடந்த முடியை விரலால் ஒதுக்கி, இடது பக்கம் வகிடுபோல ஒரு கோடு இழுத்தார். "இங்க" என்றார்.